‘அந்த ஒரு கமிட்டை மட்டும்’ என்று சொல்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மென்பொருள் குழுக்களின் தலைவர்களுக்கும் ரிலீஸ் பொறுப்பாளர்களுக்கும்,

வணக்கம்.

“மெயினில் இருக்கும் அந்த ஒரு கமிட்டை மட்டும் ரிலீஸ் கிளைக்கு எடுத்துப் போட்டுவிடுங்கள்.” மெயின் என்பது புது வேலையெல்லாம் வந்து சேரும் முக்கியக் கிளை; ரிலீஸ் கிளை என்பது வெளியிட்ட ஒரு வெர்ஷனுக்காகத் தனியாகப் பிரித்து வைத்தது; கமிட் என்பது கோடில் சேமித்த ஒரு பதிவு. பெரும்பாலும் வேலை முடித்துக் கிளம்பும் நேரத்தில்தான் இந்தச் செய்தி வரும். அனுப்புகிறவர் நீங்கள். பெறுகிறவன் நான், அல்லது என்னைப் போல் ஒருவர். பழைய வெர்ஷன்களைப் பராமரிக்கும் வேலையில் பல வருடங்களாக இருக்கிறேன்; இந்த வாக்கியத்தை எத்தனை முறை வாசித்திருப்பேன் என்று கணக்கில்லை. அதில் என்னை உறுத்தும் சொல் ஒன்றுதான்: ‘மட்டும்’. அதைப் பற்றித்தான் இந்த மடல்.

இப்படி ஒரு கமிட்டை மட்டும் வேறு கிளைக்கு எடுத்துப் போடும் செர்ரி-பிக் கூடாது என்று சொல்ல வரவில்லை. நானே வாரத்துக்கு இரண்டு மூன்று முறை செய்கிறேன். வாடிக்கையாளர் பயன்படுத்தும் பழைய வெர்ஷனில் ஒரு பாதுகாப்பு ஓட்டை இருந்தால், மெயினில் அதன் பிறகு சேர்ந்த எல்லா மாற்றங்களையும் அவர் தலையில் கட்ட முடியாது. ஓட்டையை அடைக்கும் மாற்றத்தைத்தான் கொண்டுபோக வேண்டும். என் வருத்தமெல்லாம், இதை ஐந்து நிமிட வேலை என்று நினைத்து, பின்னால் வரும் வேலைக்கு நேரம் ஒதுக்காமலும் கணக்கு வைக்காமலும் விட்டுவிடுகிறீர்களே என்பதுதான்.

உங்களில் பலர் ஒரு காலத்தில் கோட் எழுதியவர்கள்தான். ஆனாலும் செர்ரி-பிக் செய்யும்போது, கோடின் மாற்றங்களைப் பதிவு செய்து வைக்கும் கருவியான கிட் என்ன செய்கிறது என்பதை ஒரு முறை சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அதிலிருந்துதான் கிளைக்கிறது. கிட்டில் ஒரு கமிட் என்பது அந்த நேரத்தில் கோப்புகள் எல்லாம் இருந்த நிலையின் முழுப் படம். கூடவே, எனக்கு முந்தைய கமிட் இது என்று ஒரு சுட்டு. செர்ரி-பிக் செய்தால், அந்தக் கமிட்டுக்கும் அதன் முந்தைய கமிட்டுக்கும் உள்ள வித்தியாசத்தை கிட் எடுத்துக்கொள்கிறது. நீங்கள் நிற்கும் கிளையின் நுனியில் அந்த வித்தியாசத்தைப் பொருத்தப் பார்க்கிறது. பொருந்தினால் புதிதாக ஒரு கமிட் உருவாகும். எழுதியவர் பெயரும் எழுதிய தேதியும் பழையபடியே இருக்கும். ஆனால் முந்தைய கமிட் வேறு, கமிட் செய்தவரும் வேறாக இருக்கலாம், அதனால் கமிட்டின் அடையாள எண்ணான ஹேஷும் வேறு.

பழம் பறிப்பது என்று அழகாகத்தான் பெயர் வைத்திருக்கிறார்கள். பழத்தைப் பறித்தால் மரத்தில் ஒன்று குறையும். இங்கே குறைவதில்லை; ஒன்று இரண்டாகிறது. அந்த இரண்டும் உறவு என்று கிட் தானாக எங்கேயும் எழுதி வைப்பதில்லை. இரண்டு கிளைகளை இணைத்து மெர்ஜ் செய்தால், உருவாகும் கமிட்டுக்கு இரண்டு பெற்றோர், அதாவது இரண்டு முந்தைய கமிட்டுகள், இருப்பார்கள், எந்தக் கிளை எந்தக் கிளையோடு சேர்ந்தது என்பது வரலாற்றிலேயே இருக்கும். செர்ரி-பிக் செய்ததற்கு ஒரே பெற்றோர்தான். எங்கிருந்து வந்தது என்று கேட்டால் அதற்குப் பதில் தெரியாது.

இதனால் நடப்பதைக் கேளுங்கள். மெயினில் உள்ள திருத்தத்தின் ஹேஷைக் கொடுத்து, இது எந்தெந்தக் கிளைகளில் இருக்கிறது என்று கிட்டிடம் கேட்டால், ரிலீஸ் கிளையின் பெயர் பட்டியலில் வராது. திருத்தம் அங்கே இருக்கும், ஆனால் இல்லை என்று பதில் வரும். அந்தப் பதிலை நம்பி, “உங்கள் வெர்ஷனில் அந்தத் திருத்தம் இன்னும் வரவில்லை” என்று வாடிக்கையாளருக்கு எழுதிய குழுவில் நானும் இருந்திருக்கிறேன். மறுநாள் மன்னிப்புக் கேட்டு இன்னொரு கடிதம் போனது.

எல்லாக் கருவிகளும் இப்படி இல்லை. சப்வெர்ஷன் 2008-இல் வந்த 1.5 வெர்ஷனிலிருந்து, எந்தத் திருத்தம் எங்கிருந்து வந்தது என்று தானே குறித்து வைக்கிறது. மெர்க்குரியலில் கிராஃப்ட் என்ற கட்டளை மூலக் கமிட்டின் அடையாளத்தைப் புதிய கமிட்டுக்குள் எழுதிவிடும். டார்க்ஸ் இன்னும் ஒரு படி மேலே போய், மாற்றங்களையே அடிப்படைப் பொருளாக வைத்துக்கொண்டது. அதே மாற்றம் எந்தக் களஞ்சியத்துக்குப் போனாலும் அதே மாற்றம்தான். கிட் வேறு வழியில் போனது. அதைக் குறை சொல்லிப் பயனில்லை. கருவிக்கு ஞாபகம் இல்லை என்றால் குழுவுக்கு ஞாபகம் இருக்க வேண்டும், அந்த ஞாபகத்தை வைத்துக்கொள்வதும் ஒரு வேலை. அதற்கு ஆள் வேண்டும், நேரம் வேண்டும். அதைக் கொடுக்க வேண்டியவர்கள் நீங்கள்.

இனி ‘மட்டும்’ பற்றி. ஒரு கமிட் தனியாக நிற்பது போல் தெரியும், ஆனால் அதற்கு முன்னால் வந்த ஏதோ ஒன்றின் மேல்தான் நின்றுகொண்டிருக்கும். நான் முன்பு வேலை பார்த்த ஓரிடத்தில், நெட்வொர்க் இணைப்புக்கான காத்திருப்பு நேரத்தை அமைக்கும் ஒரு சின்ன ஃபங்ஷன் இருந்தது. முதலில் அது நொடிக் கணக்கில் எண்ணை வாங்கியது. மெயினில் யாரோ அதை மில்லிநொடிக்கு மாற்றினார்கள். நல்ல மாற்றம்தான், எல்லா இடங்களிலும் சரியாகவே மாற்றியிருந்தார்கள். இரண்டு மாதம் கழித்து வந்த ஒரு பிழைத்திருத்தம் அந்த ஃபங்ஷனைப் புதிதாக ஓரிடத்தில் 5000 என்ற எண்ணோடு அழைத்தது. அதாவது ஐந்து நொடி. அந்தத் திருத்தத்தை மட்டும் ரிலீஸ் கிளைக்கு எடுத்துப் போகச் சொன்னார்கள். போனேன். ஒரு கான்ஃபிளிக்ட்கூட, அதாவது கிட்டால் தானே பொருத்த முடியாத மோதல்கூட, இல்லை. கம்பைல் ஆனது. டெஸ்ட் எல்லாம் பச்சை. ரிலீஸ் கிளையில் அந்த ஃபங்ஷன் இன்னும் நொடிக் கணக்கில்தான் இருந்தது. 5000 நொடி என்றால் 83 நிமிடத்துக்கும் மேல். செத்துப்போன இணைப்புக்காக நிரல் அவ்வளவு நேரம் வாய் திறக்காமல் காத்துக்கொண்டிருந்தது.

பிறகு நடந்த கூட்டத்தில், “ஒரே ஒரு வரிதானே?” என்று மூன்று பேர் கேட்டார்கள். ஒரு வரிதான். கிட் வரிகளைத்தான் பார்க்கிறது, அந்த வரிகளுக்கு என்ன அர்த்தம் என்று பார்ப்பதில்லை. செர்ரி-பிக்கில் கான்ஃபிளிக்ட் வந்தால் நான் சலித்துக்கொள்வதில்லை, உள்ளுக்குள் கொஞ்சம் நிம்மதிகூட வரும். ஒரு மனிதன் நின்று பார்க்க வேண்டிய இடம் இது என்று கிட்டே சொல்லிவிடுகிறது. சத்தமில்லாமல் போய் ஒட்டிக்கொள்வதுதான் பயம்.

“ஏற்கெனவே ரிவ்யூ ஆனதுதானே, நேரா அப்ரூவ் பண்ணிடுங்க” என்பது நீங்கள் அடிக்கடி சொல்லும் இன்னொரு வாக்கியம். மெயினில் ரிவ்யூ செய்தவர் பார்த்தது மெயினில் அந்த மாற்றம் எப்படி நடந்துகொள்ளும் என்பதை. ரிலீஸ் கிளையின் சூழல் வேறு, கேள்வியும் வேறு: இது நிற்பதற்குத் தேவையானதெல்லாம் இங்கே இருக்கிறதா? இதை யாராவது கேட்டால்தான் ரிவ்யூ நடந்ததாக அர்த்தம். டெஸ்ட் விஷயமும் இப்படித்தான். கிளை பழசாகப் பழசாக அதன் தானியங்கி டெஸ்ட்டுகளை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஏதோ ஒன்று உடையும், சரிசெய்ய நேரமில்லை என்று அணைத்து வைப்பார்கள். அணைத்து வைத்த கிளையில்தான் அவசரத் திருத்தங்கள் எல்லாம் போய் விழுகின்றன. ஒரு வெர்ஷனுக்கு எத்தனை வருடம் ஆதரவு தருவோம் என்று வாக்குக் கொடுக்கிறீர்களோ அத்தனை வருடமும் அதன் டெஸ்ட்டுகள் ஓட வேண்டும். இதைப் பேரம் பேச முடியாது.

இன்னொரு சம்பவம். இதைச் சொல்லாமல் இந்த மடலை எழுதுவதில் பொருளில்லை. சர்வர் பதில் தராவிட்டால் எத்தனை முறை மறுபடி முயல வேண்டும் என்பதற்கு ஓர் எண் இருந்தது, 3. ரிலீஸ் கிளை பிரிந்த பிறகு மெயினில் ஒருவர் அதை 10 ஆக்கினார். அவசரம் என்று அதை ரிலீஸ் கிளைக்கும் செர்ரி-பிக் செய்தோம். சில நாள் கழித்துத்தான் தெரிந்தது, ஏற்கெனவே திணறிக்கொண்டிருந்த சர்வரைப் பத்து முறை தட்டி எழுப்பினால் அது மொத்தமாகப் படுத்துவிடும் என்று. மெயினில் ரிவர்ட் செய்து மறுபடி 3 ஆக்கினார்கள். ரிலீஸ் கிளையில் ரிவர்ட் செய்ய யாருக்கும் ஞாபகம் இல்லை. நகல் ஒன்று அங்கே இருக்கிறது என்று எங்கேயும் எழுதியிருக்கவில்லை. மூன்று வாரம் கழித்து, ரிலீஸ் கிளையில் நேரடியாகப் போட்ட வேறு சில திருத்தங்களை மெயினுக்குக் கொண்டுவர வேண்டும் என்று ரிலீஸ் கிளையை மெயினோடு மெர்ஜ் செய்தோம். கான்ஃபிளிக்ட் இல்லை. அன்று ராத்திரி மெயினில் அந்த எண் மறுபடி 10.

எப்படி? மெர்ஜ் செய்யும்போது கிட் நடுவில் நடந்த கதையைப் படிப்பதில்லை. இரண்டு கிளைகளும் பிரிந்த இடத்தையும் இரண்டின் நுனிகளையும் வைத்துத்தான் முடிவு செய்கிறது. பிரிந்த இடத்தில் 3. மெயின் நுனியில் 3. ரிலீஸ் நுனியில் 10. மெயின் பக்கம் ஒன்றும் மாறவில்லை, ரிலீஸ் பக்கம் மாறியிருக்கிறது, அப்படியானால் மாறியதை எடுத்துக்கொள்வோம். கிட்டின் கணக்கு சரிதான். மெயினில் 10 ஆகி, அடிபட்டு, திரும்ப 3 ஆன அனுபவம் முழுவதும் அதற்குக் கண்ணில் படவே இல்லை. அன்றைக்கு யாரும் 10 என்று தட்டச்சு செய்யவில்லை. யாரைக் கேட்பது என்று தெரியாமல், மெர்ஜ் பட்டனை அழுத்திய இளைஞனைக் கேட்டார்கள்.

இதனால்தான் சொல்கிறேன், திருத்தங்கள் எந்தத் திசையில் பாய வேண்டும் என்று நீங்கள் ஒரு முடிவு எடுத்தாக வேண்டும். உலகத்தில் இரண்டு வழியும் நன்றாகவே நடந்துகொண்டிருக்கின்றன. கிட்டை உருவாக்குபவர்களே தங்கள் வேலைமுறையை எழுதி வைத்திருக்கிறார்கள்: திருத்தம் தேவைப்படும், இன்னும் ஆதரவில் இருக்கும் மிகப் பழைய கிளையில் முதலில் போடு, பிறகு அங்கிருந்து ஒவ்வொரு கிளையாக மேல்நோக்கி, அதாவது புதிய கிளைகளை நோக்கி, மெர்ஜ் செய். மேலே போட்ட திருத்தம் கீழேயும் வேண்டும் என்று பிற்பாடு தெரிந்தால் செர்ரி-பிக் செய்துகொள்ளலாம், எப்போதாவது நடந்தால் கவலைப்பட வேண்டாம், அடிக்கடி நடந்தால்தான் யோசிக்க வேண்டும் என்று அதிலேயே சொல்லியிருக்கிறார்கள்.

லினக்ஸ் இயங்குதளத்தின் மையநிரலான லினக்ஸ் கர்னல் இதற்கு நேர் எதிர்த்திசை. வெளியான கர்னல் வெர்ஷன்களுக்குத் திருத்தங்கள் தரும் ஸ்டேபிள் கிளைகள் 2005 மார்ச்சில் 2.6.11 வெர்ஷனின் காலத்தில் தொடங்கியவை, அதாவது கிட் பிறப்பதற்கு ஒரு மாதம் முன்பே. அங்கே விதி என்னவென்றால், லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸின் பிரதானக் கிளையில் ஏற்கெனவே இருக்கும் திருத்தம்தான் ஸ்டேபிளுக்கு வர முடியும். மாற்றத்தைச் சுற்றிக் காட்டும் மாறாத வரிகளையும் சேர்த்து நூறு வரிக்கு மேல் போகக் கூடாது என்று எழுதி வைத்திருக்கிறார்கள். அது பிரதானக் கிளையில் எந்தக் கமிட் என்பதைக் கமிட்டோடு எழுதும் செய்தியிலேயே குறிப்பிடுகிறார்கள். பொருந்தாமல் கையால் சரிசெய்திருந்தால், யார் எதை மாற்றினார் என்று சதுர அடைப்புக்குறிக்குள் ஒரு குறிப்பும் வைப்பது வழக்கம். அப்புறம், ஸ்டேபிள் கிளைகளைத் திரும்பவும் பிரதானக் கிளையோடு அவர்கள் மெர்ஜ் செய்வதே இல்லை. நான் சொன்ன 3, 10 கதை அங்கே நடக்க வழியில்லை.

நம் குழுக்களில் என்ன நடக்கிறது? இரண்டையும் கலக்கிறோம். திங்கட்கிழமை மெயினிலிருந்து கீழே செர்ரி-பிக். வியாழக்கிழமை ரிலீஸிலிருந்து மேலே மெர்ஜ். எந்த நாளில் யார் பொறுப்பில் இருக்கிறாரோ அவர் பழகிய முறை. இரண்டு பக்கமும் ஒரே மாற்றம் அப்படியே இருக்கும்வரை பிரச்சினை தெரியாது, மெர்ஜ் சத்தமில்லாமல் முடிந்துவிடும். ஒரு பக்கத்தில் மட்டும் அதை யாராவது மாற்றும்போது, அல்லது திரும்பப் பெறும்போதுதான் வினை. கீழே நகல் எடுப்பது உங்கள் வழி என்றால் மேலே மெர்ஜ் செய்வதை நிறுத்துங்கள். ரிலீஸ் கிளையில் நேரடியாகத் திருத்தம் போடுவதையும் நிறுத்துங்கள். மேலே மெர்ஜ் செய்வது வழி என்றால் திருத்தத்தைக் கீழேதான் தொடங்க வேண்டும். எனக்கு இரண்டாவது கொஞ்சம் அதிகம் பிடிக்கும். ஆனால் மெயின் தினமும் வேகமாக மாறும் இடத்தில் முதலாவதுதான் நடைமுறைக்கு ஒத்துவரும் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். எதுவானாலும் எழுதி வையுங்கள், எல்லார் கண்ணிலும் படும் இடத்தில்.

செர்ரி-பிக்கையே தவிர்க்கும் சந்தர்ப்பமும் உண்டு, அது பலருக்குத் தோன்றுவதில்லை. ஒரு பிழை மெயினிலும் ரிலீஸிலும் இருக்கிறது என்று முதல் நாளே தெரிந்தால், இரண்டும் பிரிந்த இடத்திலிருந்து ஒரு சின்னக் கிளை போட்டு, அங்கே திருத்தி, அதை இரண்டுக்கும் மெர்ஜ் செய்யலாம். ஒரே கமிட், ஒரே ஹேஷ், இரண்டு இடத்திலும் இருக்கிறது என்று கிட்டுக்கே தெரியும். இதற்குத் தேவை ஒரு கேள்விதான்: இந்தப் பிழை எந்தெந்த வெர்ஷன்களில் இருக்கிறது? திருத்தம் தொடங்கும் முன்பே அதைக் கேட்க வேண்டும். நாம் திருத்தி முடித்து, மெயினில் சேர்த்து, கொண்டாடிவிட்டு, சாயங்காலம் கேட்கிறோம்.

குறித்து வைப்பது பற்றிச் சுருக்கமாக. செர்ரி-பிக்கில் எக்ஸ் (-x) என்றொரு ஆப்ஷன் இருக்கிறது. மூலக் கமிட்டின் ஹேஷைக் கமிட் செய்தியின் கடைசி வரியாகச் சேர்த்துவிடும். தானாக நடக்காது, கேட்டால்தான் செய்யும். எல்லாரும் பார்க்கக்கூடிய இரண்டு கிளைகளுக்கு நடுவே எடுக்கும்போது அதைக் கட்டாயமாக்குங்கள். ஒரு எச்சரிக்கை: டெவலப்பரின் சொந்தக் கிளையிலிருந்து எடுத்தால் இந்த வரிக்கு மதிப்பில்லை. பல குழுக்களில் புல் ரிக்வெஸ்ட்டை, அதாவது மெயினில் சேர்க்கச் சொல்லி அனுப்பிய மாற்றங்களை, ஸ்குவாஷ் செய்து ஒரே கமிட்டாக்கி மெயினில் சேர்க்கிறார்கள், அந்த ஹேஷ் வேறு. சொந்தக் கிளையை அழித்த பிறகு, குறித்து வைத்த ஹேஷைத் தேடினால் ஒன்றும் கிடைக்காது. மெயினில் சேர்ந்த பிறகு அங்கிருந்து எடுப்பதே நல்லது. அவசரத்தில் அரை மணி நேரம் பொறுக்க மாட்டேன் என்று அடம்பிடிக்காதீர்கள்.

கிட்டில் செர்ரி என்றே ஒரு கட்டளை இருக்கிறதே, இரண்டு கிளைகளையும் ஒப்பிட்டு எது போய்ச் சேர்ந்தது, எது சேரவில்லை என்று காட்டுமே என்று யாராவது சொல்லலாம். காட்டும். மாற்றத்தின் உள்ளடக்கத்தை வைத்து ஒரு கைரேகை எடுத்து ஒப்பிடுகிறது. கான்ஃபிளிக்ட் வந்து கையால் இரண்டு வரி மாற்றியிருந்தால் கைரேகை மாறிவிடும்; போகவில்லை என்றே சொல்லும். துணைக்கு வைத்துக்கொள்ளலாம், கணக்குப் புத்தகமாக வைத்துக்கொள்ள முடியாது.

பெயர் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், எனக்கே நடந்தது. நான் விடுப்பில் இருந்தபோது என் பழைய கமிட் ஒன்றை ஒரு நண்பர் ரிலீஸ் கிளைக்குக் கொண்டுபோனார். பெரிய கான்ஃபிளிக்ட். அவர் பாவம், நள்ளிரவில் தனியாக உட்கார்ந்து தனக்குப் புரிந்த அளவில் சரிசெய்தார். அதில் ஒரு நிபந்தனை தலைகீழாகிவிட்டது. ஒரு மாதம் கழித்து ஒரு மேலாளர் என்னை அழைத்து, “இந்த வரியை ஏன் இப்படி எழுதினீர்கள்?” என்று கேட்டார். திரையில் என் பெயர்தான் இருந்தது. நான் எழுதாத வரி. எந்த வரி யாருடையது என்று சொல்லும் கிட் பிளேம் கட்டளை காட்டுவது எழுதியவரின் பெயரை. செர்ரி-பிக் அந்தப் பெயரை அப்படியே எடுத்து வருகிறது. கமிட் செய்தவர் யார் என்பது தனி விவரம், அதைத் தேடிப் பார்த்தால்தான் தெரியும். தேடிப் பார்த்த பிறகு அந்த நண்பரைத் திட்டினார்கள், அது இன்னும் மோசம். அந்தக் கோட் எழுதியவரைக் கேட்க முடியாத நேரத்தில், கூட இருக்க யாரும் இல்லாமல், அவரிடம் அந்த வேலையைக் கொடுத்தவர் அந்த மேலாளர்தான்.

எப்போது நிறுத்த வேண்டும் என்பதும் உங்கள் கையில். ரிலீஸ் கிளைக்கு எடுத்துப் போனவற்றின் பட்டியல் ஒரு திரைக்குள் அடங்காமல் போனால், அந்த வெர்ஷன் மெயினும் இல்லாத, பழைய ரிலீஸும் இல்லாத, யாரும் முழுதாகச் சோதித்துப் பார்க்காத மூன்றாவது ஒரு பொருளாகிவிட்டது என்று அர்த்தம். அதற்குப் பதில் புதிய ரிலீஸ் ஒன்றை வெளியிட்டுவிடுங்கள். “சின்ன ஃபீச்சர்தான், யாருக்கும் தெரியாது” என்று வந்தால் முடியாது என்று சொல்லுங்கள். உங்களுக்கும் மேலே இருப்பவர் கேட்டாலும் சொல்லுங்கள். எங்களால் சொல்ல முடியாது, உங்களால் முடியும்.

நான் கேட்பது இவ்வளவுதான். அடுத்த முறை ஒரு கமிட்டை எடுத்துப் போகச் சொல்லும்போது, எடுத்துப் போகும் நேரத்தோடு அரை நாள் சேர்த்துக் கொடுங்கள். அது எதன் மேல் நிற்கிறது என்று அதை எழுதியவரிடம் கேட்க, அந்தக் கிளையில் ஓட்டிப் பார்க்க, குறித்து வைக்க. கான்ஃபிளிக்ட் வந்தால் எழுதியவரும் கூட உட்காரட்டும்; அவர் கிடைக்காவிட்டால் காலைவரை பொறுங்கள். மெயினில் எதையாவது ரிவர்ட் செய்தால், அதன் நகல்கள் எங்கெங்கே இருக்கின்றன என்று பார்ப்பதும் அதே டிக்கெட்டின் வேலை, தனி டிக்கெட் போட்டுக் கிடப்பில் போடாதீர்கள்.

இந்த வாரம் ஒரு மணி நேரம் ஒதுக்கி உங்கள் ரிலீஸ் கிளையைத் திறந்து பாருங்கள். அது பிரிந்த பிறகு வந்த கமிட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து, இது மெயினில் எந்தக் கமிட் என்று குழுவில் ஒருவரிடம் கேளுங்கள். பதில் வராதவற்றை எண்ணிக்கொள்ளுங்கள். எண்ணிக்கையை எனக்குச் சொல்ல வேண்டியதில்லை, அடுத்த ரிலீஸுக்குத் தேதி குறிக்கும் கூட்டத்தில் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
பழைய வெர்ஷன்களோடு காலம் தள்ளும் ஒரு டெவலப்பர்